வெட்டி ஒட்டிய ஜாதகம்

அன்புள்ள மகனுக்கு,

பொருள்: உன் ஜாதகம் காணாமல் போனது தொடர்பாக. முப்பத்தொரு வருடம் அரசு அலுவலகத்தில் கடிதம் எழுதியே தேய்ந்த கை, பொருள் போடாமல் அடுத்த வரிக்கு நகர மறுக்கிறது, பொறுத்துக்கொள். உன் ஜாதகம் காணாமல் போகவில்லை. வீடு மாறும்போது தொலைந்துவிட்டது என்று உன் அம்மா போனில் சொன்னாளே, அது பொய். சேலையூரில் இந்த ஒரே வீட்டில் இருபது வருடமாக இருக்கிறோம், எங்கே மாறினோம் என்று நீயாவது கேட்டிருக்கலாம். மறுநாள் அவளே பூச்சி அரித்துவிட்டது என்று மாற்றிச் சொன்னதும் பொய். உன் ஜாதகத்தைக் கத்தரிக்கோலால் வெட்டியவன் நான். வெட்டிக் கவிதை செய்தேன். நீ சிரித்து முடித்த பிறகு மேலே படி. இந்தக் கடிதத்தின் நகல் உன் அம்மாவுக்கும், குரோம்பேட்டை மாமாவுக்கும், நீ கட்டிக்கொள்ளப் போகிற தேன்மொழியின் அப்பாவுக்கும் போகிறது. ஆளுக்கொரு கதை சொல்லி ஒளித்து வைத்தது போதும், எல்லோரும் ஒரே கதையைப் படிக்கட்டும் என்றுதான். வியாழக்கிழமைக்குள் நீ இதைப் படித்து முடித்தாக வேண்டும். உன் கல்யாணம் இந்தக் காகிதத்தில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது. எப்படி என்று வரிசையாகச் சொல்கிறேன். குறுக்கே போய்க் கடைசிப் பக்கத்தைப் பார்க்காதே.

ஓய்வு பெற்றபின் நான் ஆடிய ஆட்டம் உனக்குப் பாதிதான் தெரியும். நீ சிறுசேரியில் வேலை, நாவலூரில் அறை என்று தப்பித்துவிட்டாய். இங்கே நான் தினமும் காலையில் சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு கீழே இறங்கி, குடியிருப்போர் சங்கத்தின் அறிவிப்புப் பலகையைத் திருத்திக்கொண்டிருந்தேன். "நாளை தண்ணீர் வராது" என்று ஒட்டியிருந்தார்கள். எந்த நாளை? தேதி இல்லை, கையொப்பம் இல்லை. பக்கத்தில் "விளக்கம் தருக" என்று எழுதினேன். அடுத்த நாள் சங்கச் செயலாளர் என்னை வழிமறித்து, "சார், விளக்கம் இதுதான், மோட்டார் ரிப்பேர், உங்களுக்கு என்னா பிரச்சினை?" என்று கேட்டார். எனக்கு என்ன பிரச்சினை என்று எனக்கே தெரியாததால் அவரைக் கண்டபடி கத்திவிட்டேன். கத்திவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்தவன் எழுந்திருக்க முடியவில்லை. ரத்த அழுத்தம் மேலே போய்விட்டது. டாக்டர் மாத்திரை எழுதிவிட்டு, "இது மாத்திரையில மட்டும் அடங்காது சார். யாரோடயாவது மனசு விட்டுப் பேசுங்க" என்றார். "இவர் மனசு விட்டுப் பேசினதாலதான் டாக்டர் இங்க வந்திருக்கோம்" என்றாள் உன் அம்மா.

அவளே விசாரித்து ஓர் இடத்தைக் கண்டுபிடித்தாள். குரோம்பேட்டையில், ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே ஒரு தெருவில், டிபன் கடைக்கு மேல் மாடியில் ஒரு மனநல ஆலோசனை மையம். சனிக்கிழமை காலையில் ஆர்ட் தெரபி. ஆர்ட் என்றதும் நான் கிளம்பமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தேன். எனக்கு நேர்கோடே ஸ்கேல் வைத்தால்தான் வரும். ஆனால் அங்கே யாரும் படம் வரையச் சொல்லவில்லை. நித்யா என்று ஓர் ஆலோசகர், உன்னைவிட நான்கைந்து வயது பெரியவராக இருப்பார், மேஜையில் கத்தரிக்கோலும் பசையும் வைத்துவிட்டு, "சொந்தமா ஒரு வார்த்தைகூட எழுத வேண்டாம் சார். வீட்டுல இருக்கிற பழைய காகிதம், நோட்டீஸ், பேப்பர் எதையாவது கொண்டு வாங்க. அதுல கண்ணுல படற வார்த்தையை வெட்டுங்க. மேஜையில பரப்பி வைங்க. எது எதோட சேரணும்னு தோணுதோ ஒட்டுங்க. சொல்ல முடியாத விஷயம் சில நேரம் அடுத்தவங்க வார்த்தையில வந்துடும்" என்றார். எனக்குச் சொல்ல முடியாத விஷயம் எதுவும் கிடையாது என்று சொன்னேன். அவர் சிரித்தார், எதிர்த்துப் பேசவில்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை.

முதல் வாரம் நான் எடுத்துப் போனது அலுவலகத்தில் நானே தயாரித்த பருவமழை முன்னெச்சரிக்கைச் சுற்றறிக்கை. ஒரு மணி நேரம் வெட்டி ஒட்டியபின் என் முதல் கவிதை இப்படி வந்தது: "மேற்படி மழை, உரிய வழியில் வராததால், விளக்கம் கோரப்படுகிறது." நித்யா அதைப் படித்துவிட்டு வெகுநேரம் தண்ணீர் குடித்தார். என் பக்கத்து நாற்காலி ஏழுமலைக்கு. மாடம்பாக்கத்துக்காரர், என் வயது, அவர்கள் குடும்பத்து நிலமெல்லாம் மனை போட்டு விற்றாகிவிட்டது, மனிதருக்குத் தூக்கம் போய்விட்டது. அவர் பையில் வீட்டுமனை விளம்பரத் தாள்கள்தான் கட்டுக் கட்டாக இருந்தன. நடுவில் ஒரு மெத்தைக் கடை நோட்டீஸ் கலந்திருந்தது போலிருக்கிறது. அவர் ஒட்டியது: "ஸ்டேஷனிலிருந்து பத்தே நிமிடத்தில், வில்லங்கம் இல்லாத தூக்கம், முந்துங்கள்." பொறாமையாக இருந்தது, மறைப்பானேன். "இன்னா சார், நல்லா கீதா?" என்று கேட்டார். நன்றாக இருக்கிறது, ஆனால் முற்றுப்புள்ளி இல்லை என்றேன்.

இப்படி நான்கைந்து சனிக்கிழமை போனது. சமையல் எரிவாயு ரசீது, மாத்திரை உறை, கோயில் திருவிழா நோட்டீஸ் எல்லாவற்றையும் வெட்டினேன். செயலாளரோடு சண்டை குறைந்தது. வெட்டுவதற்குத் தேவைப்பட்டதால் அறிவிப்புகளைத் திருத்தாமல் கிழித்துக்கொண்டு வந்தேன். அப்புறம் ஒரு வாரம் நித்யா, "வீட்டுல படிக்கவே பயமா இருக்கிற காகிதம் ஏதாவது இருந்தா அடுத்த தடவை அதைக் கொண்டு வாங்க. ஒரிஜினல் வேண்டாம், ஜெராக்ஸ் போதும்" என்றார். ஏழுமலை உடனே வில்லங்கச் சான்றிதழ் என்றார். எனக்கும் ஒன்று இருந்தது. அந்தக் காகிதம் எந்த பீரோவில், எந்தப் புடவைக்கு அடியில் இருக்கிறது என்பதுகூட எனக்கு மனப்பாடம்.

உன் ஜாதக நோட்டுதான் அது. நீ பிறந்த பத்தாம் நாள் உன் மாமா எழுதி வாங்கி வந்தது. நான்கு மூலையிலும் மஞ்சள். கட்டங்களுக்குக் கீழே ஜோசியர் முத்து முத்தான கையெழுத்தில் எழுதியிருந்தார்: "ஜாதகர் ஜனனம் தந்தைக்கு ஆகாது. இரண்டாண்டுகள் பூர்த்தியாகும் வரை தந்தை முகம் பாராதிருத்தல் உத்தமம்." அவ்வளவுதான். பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். உன்னையும் அம்மாவையும் குரோம்பேட்டையில் மாமா வீட்டிலேயே வைத்துக்கொள்வது, நான் தாம்பரத்தில் அப்போது வாடகைக்கு இருந்த வீட்டில் தனியாக இருப்பது, இரண்டு வருடம் கழித்து, தோஷம் கழிய, எண்ணெயில் உன் முகம் பார்த்துவிட்டு அழைத்து வருவது என்று முடிவானது. நடுவில் இருப்பது ஒரே ஒரு ஸ்டேஷன், சானடோரியம். அக்கம்பக்கத்தில் யாராவது கேட்டால் என்ன சொல்வது? எனக்கு மதுரைக்கு டிரான்ஸ்ஃபர் ஆகிவிட்டது என்று சொல்ல வேண்டியது. மாமாதான் யோசனை சொன்னார். மதுரை எல்லோருக்கும் நம்பும்படி இருந்தது.

சின்னப் பொய்தான். ஆனால் வருடா வருடம் அதற்குப் பராமரிப்பு வேலை இருந்துகொண்டே இருந்தது. கல்யாணமாகப் போகிறவனுக்கு நான் சொல்லும் முதல் புத்திமதியாக இதை வைத்துக்கொள். உன் முதல் பிறந்தநாள் ஆல்பத்தை நீ ஐந்தாவது படிக்கும்போது விரித்துப் பார்த்து, "இதுல அப்பா எங்கே?" என்றாய். மதுரை என்றோம். "ஒரு நாள் லீவு போட முடியலையா?" என்றாய். ஆடிட் என்றேன். ஆறாவதில் உன் பள்ளி விடுமுறையில் மூவரும் உண்மையிலேயே மதுரைக்குப் போனோம். என் வாழ்க்கையில் அன்றுதான் மதுரையை முதல் முறை பார்க்கிறேன். கோயிலைச் சுற்றிச் சுற்றி வந்து, தங்கியிருந்த லாட்ஜ் எந்தக் கோபுரத்துப் பக்கம் என்று தெரியாமல் வெயிலில் விழித்தேன். "ரெண்டு வருஷம் இருந்தீங்க, வழி தெரியலையாப்பா?" என்று கேட்டாய். "ரோடெல்லாம் மாத்திட்டாங்கடா" என்றேன். ஆயிரம் வருடத்துக் கோயிலைச் சுற்றியிருக்கிற ரோட்டை. உன் அம்மா புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு கடையைப் பார்ப்பது போல் திரும்பி நின்றாள். எல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது, உன் கல்லூரிக் காலத்தில் நாம் மோதிக்கொண்ட அன்றைக்கு நீ, "என் முதல் பர்த்டேவைவிட உங்களுக்கு ஆடிட் முக்கியம். இப்ப மட்டும் என்ன அக்கறை?" என்று கேட்கும்வரை. அதற்குப் பதில் இருந்தது, சொல்லவில்லை. அன்றிலிருந்து நீ என்னிடம் மரியாதையாகப் பேச ஆரம்பித்துவிட்டாய். பெற்ற பிள்ளை மரியாதையாகப் பேசுவது எவ்வளவு வலிக்கும் என்று உனக்கு ஒருநாளும் தெரிய வேண்டாம்.

சரி, ஜெராக்ஸுக்கு வருகிறேன். கேம்ப் ரோட்டில் கடையில் கொடுத்தேன். பழைய தாள், மஞ்சள் வேறு ஏறிப் பழுப்பாகிப் போயிருந்ததால் நகல் முழுக்கக் கறுப்பாக வந்தது; ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை. கடைக்காரர் இன்னொன்று போடட்டுமா என்றார். வேண்டாம் என்றேன். வீட்டுக்கு வந்து, கை பழக்கத்தில், அந்தக் கறுப்புத் தாளின் ஓரத்தில் "உண்மை நகல்" என்று எழுதிக் கையொப்பமிட்டு, பீரோவில் அதே புடவைக்கு அடியில் வைத்தேன். முப்பத்தொரு வருடத்தில் எத்தனையோ பேரை நகல் தெளிவாக இல்லை என்று திருப்பி அனுப்பியிருக்கிறேன். அவர்கள் பார்த்திருந்தால் என்னை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பார்கள். ஒரிஜினலைப் பையில் போட்டுக்கொண்டு மாடியேறினேன்.

முதலில் ராகு, கேது, சனி மூவரையும் வெட்டி ஒரு கவரில் போட்டேன். தொந்தரவு பிடித்தவர்கள் ஓரமாக இருக்கட்டும் என்று. "உத்தியோகம் தாமதமாக அமையும்" என்று ஒரு வரி இருந்தது. அது பலிக்கவில்லை, உனக்குப் படிக்கும்போதே வேலை கிடைத்தது. அந்த "தாமதமாக"வை எடுத்தேன். மற்றவை எப்படிச் சேர்ந்தன என்று தெரியாது. ஒட்டி முடித்து நிமிர்ந்தபோது தாளில் நான்கே சொற்கள் இருந்தன, ஒன்றன்கீழ் ஒன்றாக:

தந்தை
இரண்டாண்டுகள்
தாமதமாக
ஜனனம்.

படித்தேன். அப்புறம் அந்த டிபன் கடை மாடியில், தெரியாத ஏழெட்டுப் பேர் நடுவில், குரலெடுத்து அழுதேன். நித்யா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஏழுமலைதான் பதறி, "சார், சார், அழுவாத சார், பசை காயல, ஈரம் பட்டா வந்துடும்" என்று தாளைத் தூக்கி மின்விசிறிக்குக் கீழே பிடித்துக்கொண்டு நின்றார். இன்றைக்கு அது கிழியாமல் இருப்பது அவர் புண்ணியம்.

அடுத்த மாதமே நீ தேன்மொழியைப் பற்றிச் சொன்னாய். கூட வேலை பார்க்கிற பெண், சிங்கப்பெருமாள் கோவிலில் அவள் அப்பா முருகேசன் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார், அவருக்கு முழுச் சம்மதம், ஜாதகத்தை மட்டும் ஒரு தடவை பார்க்க வேண்டும் என்கிறார் என்றாய். அம்மா சந்தோஷமாக பீரோவைத் திறந்தாள். கொஞ்ச நேரத்தில் கறுப்புத் தாளோடு கூடத்துக்கு வந்தாள். "என்னங்க இது? அமாவாசையா?" என்றாள். பிறகு என் கையொப்பத்தைப் பார்த்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். கவரைக் காட்டினேன். உன் அம்மா தலையில் கை வைத்து உட்கார்ந்தவள், ஐந்தே நிமிடத்தில் எழுந்து ஒரு திட்டத்தோடு வந்தாள்: கம்ப்யூட்டரில் புது ஜாதகம் போட்டுக்கொள்வது. அதிலும் அந்தத் தந்தைக்கு ஆகாத விவகாரம் வந்துவிடும் என்பதால் பிறந்த நேரத்தை இருபது நிமிடம் தள்ளிப் போடுவது. நான் சீறினேன். "பிறந்த நேரத்தைத் திருத்துவதா? நான் சர்வீஸில் ஒரு தேதியைத் திருத்தியிருப்பேனா?" என்றேன். அவள் அமைதியாக, "ரெண்டு வருஷம் மதுரையில இருந்தேன்னு புள்ளைகிட்ட சொன்னீங்களே, அது எந்த ஃபைல்ல இருக்கு?" என்று கேட்டாள். அவள் சொன்னதில் இருந்த நியாயம் இரண்டு நாள் என்னைச் சாப்பிடவிடவில்லை.

மூன்றாம் நாள் நான் ஒட்டிய தாளையும் கவரையும் எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல், தாம்பரத்தில் செங்கல்பட்டு வண்டி ஏறிவிட்டேன். முருகேசன் கடையில் பெயின்ட் டப்பாக்களுக்கு நடுவில் எனக்கு ஸ்டூல் போட்டார். "ஜாதகம் கொண்டு வந்திருக்கிறேன்" என்று தாளை நீட்டினேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார், திருப்பிப் பார்த்தார். "இன்னா சம்மந்தி இது? ஜாதகம் கேட்டா நாலு வார்த்தைய ஒட்டி எடுத்தாந்துகிறீங்க? ராகு, கேதுல்லாம் எங்க?" என்றார். "கவரில் இருக்கிறார்கள்" என்றேன். கவரைத் திறந்து மேஜைமேல் கொட்டினார். அந்த நேரம் பார்த்து அவர் மேஜை விசிறி சுழன்று வந்தது. சனி பகவான் ஆணி டப்பாவுக்குள் போய்விட்டார். இரண்டு பேரும் குனிந்து தேடினோம். அப்படிக் குனிந்தபடியே, முகம் பார்க்காமல் இருந்ததால், அவரிடம் முழுக் கதையையும் சொல்ல முடிந்தது.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, கிரகங்களை ஒவ்வொன்றாகக் கவரில் திரும்பப் போட்டு மூடினார். கல்யாணம் கெட்டது என்றே நினைத்தேன். நான் இங்கே வந்திருக்கக்கூடாது, உன் அம்மா சொன்னபடி இருபது நிமிடம் தள்ளியிருக்கலாம் என்றுகூட நினைத்தேன். கடைசியில், "மாப்ளைக்கு இது தெரியுமா சார்?" என்றார். தெரியாது என்றேன். "அப்ப மொதல்ல அவராண்ட சொல்லுங்க. கட்டம் பொருந்துதோ இல்லியோ, அத்த நான் பெர்சா எட்த்துக்கல. என் பொண்ணு போற வூட்ல அப்பனும் புள்ளையும் பேசிக்கினாங்களான்னு எனக்குத் தெரியணும். வியாழக்கிழம மாப்ளைக்குப் போன் பண்ணுவேன். அப்பா சொன்னாரான்னு ஒரே கேள்விதான். சொன்னார்னா தேதி குறிக்கலாம்" என்றார். பிறகு எனக்கு ஒரு மோர் வாங்கிக் கொடுத்து ஸ்டேஷன் வரை வந்து ஏற்றிவிட்டார். உனக்கு நல்ல மாமனார் கிடைக்கிறார். என்னைவிட நல்லவர்; அது உனக்கே தெரிந்துவிடும், இருந்தாலும் நானே சொல்லிவிடுகிறேன்.

ஆக, உன்னிடம் சொல்லிவிட்டேன். ஜோசியர் எழுதினார், பெரியவர்கள் முடிவு செய்தார்கள், மாமா மதுரை என்றார். இப்படியே இந்தக் கடிதத்தை முடித்துக் கையொப்பமிட்டால் வியாழக்கிழமைக்குப் போதும். நேற்று அப்படித்தான் முடித்தேன். காலையில் எடுத்துப் படித்தபோது, ஒரு வரி விடாமல் எல்லாமே மற்றவர்கள் செய்ததாக எழுதியிருந்தேன். அலுவலகத்தில் அப்படி எழுதுவதில் நான் கெட்டிக்காரன். அதனால் கடைசிப் பக்கத்தைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதுகிறேன்.

அந்த இரண்டு வருடமும் நான் தினம் தாம்பரத்திலிருந்து பீச் போகும் மின்சார வண்டியில் அலுவலகம் போனேன். மாமா வீட்டு மொட்டை மாடி வண்டியிலிருந்து தெரியும். அந்தப் பக்கத்து வாசலில்தான் நிற்பேன். கொடியில் உன் துணி காயும். முதலில் துண்டுத் துணிகள், அப்புறம் கையளவுச் சட்டைகள், அப்புறம் ஒரு சின்ன டிரவுசர். நீ வளர்வது எனக்கு அப்படித்தான் தெரிந்தது. அதைப் பார்த்து அழுததும் உண்டு. ஆனால் குரோம்பேட்டையில் வண்டி நிற்கும், மகனே. தினமும் போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை நின்றது. யாரும் என் காலைக் கட்டிப் போடவில்லை. உன் முதல் பிறந்தநாளன்று உன் அம்மா ஆள் விட்டு, "வந்துடுங்க, நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லி அனுப்பினாள். நான் போகவில்லை. பெரியவர்கள் பேச்சை மீறக்கூடாது என்று அவளுக்குச் சொல்லி அனுப்பினேன். அது பொய். எனக்குச் சாகப் பயம். அலுவலகத்தில் நாற்பது பேர் முன்னால் ஜாதகம் என்பதே ஏமாற்று என்று வாதம் செய்கிற ஆள், ஒரு வயதுக் குழந்தையைப் பார்த்தால் செத்துவிடுவேன் என்று பயந்துகொண்டு, நீ கேக் வெட்டிய நேரத்தில் தாம்பரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ வேண்டாத பிள்ளை என்பதால் அல்ல. உன் அப்பா கோழை என்பதால். இரண்டு வருடம் முடிந்து உன்னைத் தூக்கியபோது என்னை மாமா என்று கூப்பிட்டாய். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அன்றைக்கே உன்னிடம் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். இருபத்தேழு வருடம் கழித்து இப்போது கேட்கிறேன்.

முருகேசன் போன் செய்தால் அப்பா சொன்னார் என்று சொல்லிவிடு, உன் கல்யாணத்துக்கு என்னால் வந்த தடை அதோடு தீர்ந்தது. நம் விஷயம் அதோடு தீராது என்று எனக்குத் தெரியும். மரியாதையாக ஒரு பதில் எழுதி அனுப்பாதே. நேரில் வந்து, வாய்க்கு வந்தபடி என்னைத் திட்டிவிட்டுப் போ. எந்த நேரமானாலும் வா. நான் வீட்டில்தான் இருப்பேன்.

அப்பா